ஹிஞ்ச் மாற்ற பாஸ்வேர்டு எதற்கு?

இந்த முறை வந்த கேள்விகளில் பல, கணினி நம் கையை விட்டுப் போகும் நேரத்தைப் பற்றியவை. சர்வீஸ் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பல வருடம் வேலை பார்த்தவன் நான். அதனால் முதல் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

என் லேப்டாப்பின் ஹிஞ்ச் (திரையையும் கீழ்ப் பகுதியையும் இணைக்கும் கீல்) உடைந்துவிட்டது. கடையில், 'ரெண்டு நாள் ஆகும்க்கா, பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்துட்டுப் போங்க' என்கிறார்கள். குடும்பப் படங்கள், எங்கள் ஜவுளிக் கடையின் ஜிஎஸ்டி கணக்கு, பேங்க் பாஸ்வேர்டு எல்லாம் அதில்தான் இருக்கின்றன. கொடுக்கலாமா?
– வாசகி, ஈரோடு

கொடுக்க வேண்டாம் சகோதரி. ஹிஞ்ச் மாற்ற பாஸ்வேர்டு தேவையே இல்லை. ஸ்க்ரூவைக் கழற்றி, உடைந்ததை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டி, நாலு தடவை மூடித் திறந்து பார்த்தால் வேலை முடிந்தது. பேட்டரி, ஃபேன், டிஸ்ப்ளே, ரேம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். டிஸ்ப்ளேயில் கோடு விழுகிறதா என்று, விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் பயாஸ் திரையிலேயே பார்த்துவிடலாம். கீபோர்டு மாற்றினால்கூட, பாஸ்வேர்டு கேட்கும் கட்டத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, பக்கத்தில் உள்ள கண் அடையாளத்தை அழுத்திப் பார்த்தால் போதும்.

பிறகு ஏன் கேட்கிறார்கள்? பெரும்பாலும் பழக்கம்தான். கெட்ட எண்ணம் இல்லாத மெக்கானிக்குகளோடுதான் நான் அதிகம் பழகியிருக்கிறேன். ஆனாலும் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்ததிலிருந்து, கேட்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சவுண்ட் டிரைவரை மட்டும் வேண்டுமென்றே நிறுத்திவைத்த லேப்டாப்களை அவர்கள் 16 கடைகளில் கொடுத்தார்கள். எந்த ஃபைல் திறக்கப்படுகிறது என்பது உள்ளுக்குள் பதிவாகிக்கொண்டிருந்தது. 6 இடங்களில் சொந்த ஃபைல்களைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். 2 இடங்களில் நகலே எடுத்திருக்கிறார்கள். பெண்களுடைய லேப்டாப் என்றால் துருவல் கூடுதலாக இருந்தது. சவுண்ட் வரவில்லை என்பதற்குப் படங்கள் இருக்கும் ஃபோல்டரைத் திறக்க எந்தக் காரணமும் கிடையாது.

பாஸ்வேர்டு கொடுக்காவிட்டால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. விண்டோஸ் பாஸ்வேர்டு வாசலில் நிற்கும் காவல் மட்டுமே. டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால், என்க்ரிப்ஷன் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும் முறை) இல்லாத ஃபைல்கள் எல்லாம் அப்படியே திறக்கும். அதனால் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே அந்த டிஸ்க்கை, அதாவது எஸ்எஸ்டியைக் கழற்றித் தரச் சொல்லுங்கள். பல மாடல்களில் அது சூயிங்கம் பட்டை அளவுதான், ஒரே ஒரு ஸ்க்ரூவில் நிற்கும். வீட்டுக்கு எடுத்துப் போங்கள், திரும்ப வாங்கும்போது மாட்டிக்கொள்ளலாம். 'டிஸ்க் இல்லாம செக் பண்ண முடியாது' என்று ஹிஞ்ச் வேலைக்கு யாராவது சொன்னால், வேறு கடை பாருங்கள்.

கழற்ற முடியாத மாடல் என்றால் என்க்ரிப்ஷன்தான் வழி. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பக்கம் போய், டிவைஸ் என்க்ரிப்ஷன் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். ப்ரோ பதிப்பில் பிட்லாக்கர் என்று இருக்கும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அதன் ரெக்கவரி கீ, 48 இலக்க எண். அதைத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். மதர்போர்டு மாற்ற வேண்டி வந்தால் கணினி அந்த எண்ணைக் கேட்கும், இல்லையென்றால் உங்கள் படங்களை உங்களாலேயே பார்க்க முடியாது. அந்த எண் இல்லாமல் கண்ணீரோடு வந்து நின்றவர்களுக்கு என்னால் எதுவுமே செய்ய முடிந்ததில்லை.

விண்டோஸிலேயே கோளாறு, உள்ளே போய்த்தான் ஆக வேண்டும் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து செய்துகொள்ளுங்கள். சும்மா ஓட்டிப் பார்க்க மட்டும் என்றால் 'சர்வீஸ்' என்ற பெயரில் தனி அக்கவுன்ட் ஒன்றைத் தொடங்கி, அதை ஸ்டாண்டர்ட் வகையாக வைத்துக் கொடுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் வேண்டாம்.

அப்புறம், பேங்க் பாஸ்வேர்டு குரோமில் சேமித்திருந்தால், உங்கள் விண்டோஸ் பின் நம்பர் தெரிந்தவர் அத்தனையையும் எழுத்தெழுத்தாகப் படித்துவிடலாம். பிட்வார்டன் அல்லது கீபாஸ் என்ற பாஸ்வேர்டு மேனேஜர் சாஃப்ட்வேருக்கு மாற்றிவிடுங்கள். இரண்டையும் இலவசமாகவே பயன்படுத்தலாம்.

பழைய டெஸ்க்டாப்பை விற்கப் போகிறேன். ஃபார்மேட் போட்டுவிட்டேன். போதும்தானே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

போதாது ஐயா. க்விக் ஃபார்மேட் போட்டிருந்தால், எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணைதான் அழிந்திருக்கும். ஹார்டு டிஸ்க்கில் ஃபைல்கள் அதே இடத்தில் கிடக்கும். ரெகுவா போன்ற இலவச சாஃப்ட்வேரிலேயே நிறைய திரும்பி வந்துவிடும். நம் ஊரில் இன்னொரு பழக்கம், படங்களையும் ஆவணங்களையும் டி டிரைவில் வைத்துவிட்டு, விற்கும்போது சி டிரைவை மட்டும் ஃபார்மேட் போடுவது. விண்டோஸில் 'ரீசெட் திஸ் பிசி' என்பதில் 'ரிமூவ் எவ்ரிதிங்' தேர்ந்தெடுத்து, எல்லா டிரைவ்களையும் குறித்து, 'கிளீன் டேட்டா' என்பதையும் ஆன் செய்யுங்கள். பெரிய ஹார்டு டிஸ்க் என்றால் மணிக்கணக்கில் ஓடும். இரவு போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். டிஸ்க் ஏற்கெனவே செத்துப்போயிருந்தால் அதை விற்காதீர்கள், டிரில்லிங் மெஷினால் உள்ளே இருக்கும் தட்டு வரை துளை போட்டுவிடுங்கள்.

ஆதார் பிரின்ட் எடுக்க, பிடிஎஃப் ஃபைலை பிரவுசிங் சென்டரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறோம். அதற்குத்தான் பாஸ்வேர்டு இருக்கிறதே, பயம் இல்லையே?
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

அந்த பாஸ்வேர்டு என்ன என்று யோசித்துப் பாருங்கள் தங்கச்சி. பெயரின் முதல் 4 எழுத்து, ஆங்கிலப் பெரிய எழுத்தில், கூடவே பிறந்த வருடம். எல்லாருடைய இ-ஆதாருக்கும் இதே முறைதான். பிரின்ட் எடுக்கும்போது கடைக்காரரிடம் அதை நாமே வாய்விட்டுச் சொல்லவும் செய்கிறோம். பிரின்ட் முடிந்த பிறகும் ஃபைல் அவருடைய டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும்.

ஆதார் இணையதளத்தில் டவுன்லோட் செய்யும்போதே மாஸ்க்டு ஆதார் என்பதைத் தேர்ந்தெடுங்கள். முதல் 8 இலக்கம் மறைந்து கடைசி 4 மட்டும் தெரியும். அடையாளம் காட்ட அது போதும். பிரின்ட் வந்ததும் அந்தக் கணினியில் ஃபைலை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள், கேட்பது உங்கள் உரிமை. எம்-ஆதார் ஆப்பில் பயோமெட்ரிக் லாக்கையும் போட்டுவிட்டால், நீங்கள் அதைத் திறக்கும் வரை உங்கள் கைரேகையை வைத்து ஆதார் சரிபார்ப்பு எதையும் யாரும் செய்ய முடியாது.

விண்டோஸ் 10-ஐயே தொடர்ந்து ஓட்டலாமா?
– வாசகர், நாகர்கோவில்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கான வழக்கமான சப்போர்ட் முடிந்துவிட்டது. கணினி ஓடும், ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாது. 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் உலகத்தையே ஆட்டிவைத்தபோது, அதற்கான அப்டேட் மார்ச் மாதமே வந்திருந்தது. அதைப் போட்டவர்கள் தப்பித்தார்கள். கணினி ஏற்றுக்கொண்டால் விண்டோஸ் 11-க்கு மாறுங்கள், இலவசம்தான். ஏற்காத பழைய கணினி, இணையமும் தட்டச்சும் மட்டும்தான் என்றால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் நன்றாக ஓடும்.

'வைரஸ் வந்துவிட்டது, இந்த எண்ணுக்கு அழையுங்கள்' என்று திரை முழுக்க வந்ததாம். அப்பா அழைத்து, அவர்கள் சொன்னபடி எனிடெஸ்க் (தூரத்திலிருந்தே கணினியை இயக்க உதவும் ஆப்) போட்டுக் கொடுத்துவிட்டார். இப்போது என்ன செய்வது?
– வாசகர், தாம்பரம்

முதலில் வைஃபையை அணைத்துவிடுங்கள். நெட்பேங்கிங், ஜிமெயில் பாஸ்வேர்டுகளை உங்கள் போனிலிருந்து மாற்றுங்கள், அந்தக் கணினியிலிருந்து வேண்டாம். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் வங்கிக்கும் அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. அப்பாவைத் திட்டாதீர்கள். அவர் என்னென்ன அழுத்தினார், என்ன எண் சொன்னார் என்பதை பயமில்லாமல் சொன்னால்தான் உங்களால் எதையும் சரிசெய்ய முடியும். எனிடெஸ்க்கை நீக்கினால் மட்டும் போதாது, வேறு எதை உள்ளே விட்டுப் போனார்கள் என்று தெரியாது. ஃபைல்களை மட்டும் வெளி டிஸ்க்கில் எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடுங்கள்.