ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது என்றால், எரியும்போது வரும் வெப்பம் எங்கிருந்து வருகிறது?

அணுக்களை ஒன்றோடொன்று இணைக்கும் புதிய பிணைப்புகள் உருவாவதிலிருந்து வருகிறது. பழையவை உடைவதிலிருந்து அன்று. மொரிஷியசில் பிள்ளைகளுக்கு வேதியியல் கற்பிக்கிறேன். "எரிபொருளின் பிணைப்புக்குள் ஆற்றல் அடைபட்டிருக்கிறது, உடைத்தால் வெளியே வரும்" என்று விடைத்தாள்களில் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். பிணைப்பை உடைக்க எப்போதும் ஆற்றலைச் செலவிட்டே ஆகவேண்டும்.

ஹைட்ரஜன் எரிவதைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு மோல் (மூலக்கூறுகளை எண்ண வேதியியலில் பயன்படும் அளவு) ஹைட்ரஜனை அணுக்களாகப் பிரிக்க 436 கிலோ ஜூல் வேண்டும். அதனுடன் சேரவேண்டிய அரை மோல் ஆக்சிஜனைப் பிரிக்க 249. ஆகச் செலவு 685. பிறகு அந்த அணுக்கள் கூடி நீராவியாகும்போது ஏறத்தாழ 926 வெளிவருகிறது. செலவு போக மிச்சம் 241. வெப்பத்தை அளக்கும் கருவியான கலோரிமானியில் அளந்தால் கிடைப்பதும் அதை ஒட்டிய எண்தான். எதுவும் புதிதாகப் பிறக்கவில்லை. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வைத்திருந்ததைவிட நீராவியின் உள்ளாற்றல் குறைவு, அந்த வேறுபாடு சுற்றுப்புறத்துக்கு வெப்பமாகச் சேர்ந்தது, அவ்வளவே.

எங்கள் தீவில் ஏறத்தாழ ஜூன் முதல் டிசம்பர் வரை கரும்பு வெட்டு. சாறு பிழிந்த சக்கையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். ஆலையிலிருந்து வரும் சக்கையின் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரம். அப்படியானால் ஒரு கிலோ சக்கையில் அரை கிலோ நீர். அதை ஆவியாக்க மட்டுமே சுமார் 1,130 கிலோ ஜூல் தேவை. என் மாணவர்கள் இந்த இடத்தில் "அந்த ஆற்றல் அழிந்துவிட்டதா?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. அழியவில்லை, புகைபோக்கி வழியே நீராவியுடன் வெளியேறுகிறது. அந்த ஆவியைக் குளிர்வித்து மீண்டும் நீராக்கினால் அதே வெப்பம் திரும்பக் கிடைக்கும். சக்கையை உலர்த்தி எரித்தால் கூடுதல் மின்சாரம் கிடைப்பதற்கும் இதுவே காரணம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வினை எந்த வழியில் நடந்தாலும் தொடக்கமும் முடிவும் ஒன்றாக இருந்தால் மொத்த வெப்பமும் ஒன்றே என்று 1840-இல் வேதியியலாளர் ஹெஸ் காட்டினார். ஆற்றல் அழியாமை விதி தெளிவாக வகுக்கப்படுவதற்கு முன்பே அவர் அதைக் கண்டுவிட்டார் என்பது எனக்கு இன்றும் வியப்பு. ஒரு மோல் சர்க்கரை, அதாவது 342 கிராம், முழுதாக எரிந்தால் சுமார் 5,640 கிலோ ஜூல் தரும். கார்பன் டை ஆக்சைடிலிருந்தும் நீரிலிருந்தும் அதே சர்க்கரையை உருவாக்கக் கரும்பு இலைக்கும் அதே 5,640 வேண்டும். ஆனால் இலை வாங்கும் வெயில் அதைவிடப் பன்மடங்கு. மீதி பெரும்பாலும் வெப்பமாகக் காற்றில் கலந்துவிடுகிறது.