‘எளப்பு’ வேறு, களைப்பு வேறு

ஐயா அவர்களுக்கு வணக்கம்.

ராயபுரத்தில் ஒரு சிறிய மருத்துவமனையில், நோயாளிகள் சொல்லும் குறைகளைக் கேட்டு ஆங்கிலத்தில் பதிவு செய்யும் வேலையில் இருக்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் காசிமேடு, தண்டையார்பேட்டைப் பக்கத்தவர்கள். ‘ஒரே அசதியா கீது’, ‘ஒடம்பெல்லாம் அடிச்சிப் போட்டாப்ல கீது’, ‘மாடி ஏறினா எளப்பு வருது’ என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். நேற்று மீன்கூடை சுமக்கும் ஓர் அம்மா ‘கை ஓஞ்சி போச்சும்மா’ என்றார். எல்லாவற்றுக்கும் ‘டயர்ட்னஸ்’ என்றே எழுதி வந்தேன். ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவது நன்றாக இல்லையென்று இப்போது ஃபெடீக், வீக்னஸ், லெத்தார்ஜி, எக்ஸாஸ்ஷன் என மாற்றி மாற்றி எழுதுகிறேன். இவை எல்லாம் ஒரே பொருளுடையவைதானே?

– ஒரு வாசகி, ராயபுரம்

அன்புள்ள சகோதரிக்கு,

அல்ல. நடையழகுக்காகச் சொல்லை மாற்றுவது கட்டுரைக்குப் பொருந்தும். நோயாளியின் தாளில் அப்படிச் செய்தால் அவருக்கு இல்லாத ஒரு குறையை நாமே எழுதிக் கொடுத்தவர்களாகிவிடுவோம். நான் மருத்துவன் அல்லன். ஆனால் மருத்துவக் குறிப்புகளை மொழிபெயர்த்துப் பல ஆண்டுகள் பிழைத்தவன் என்பதாலும், கீழே சொல்லப்போகும் ஒரு காரணத்தாலும், உங்கள் கேள்வி என்னை விட்டு அகலவில்லை.

‘வீக்னஸ்’ என்று படிக்கும் மருத்துவர், தசையின் வலு குறைந்திருப்பதாகவே முதலில் எண்ணுவார். கையைத் தூக்கச் சொல்லி, தம் கையால் எதிர்த்து அழுத்தி, 0 முதல் 5 வரை மதிப்பெண் இட்டுப் பார்ப்பார். ‘ஃபெடீக்’ என்றால் வலு இருக்கக்கூடும், ஆனால் எடுத்த வேலையைத் தொடர உடம்பு இடங்கொடுக்கவில்லை, தூங்கி எழுந்தாலும் தீரவில்லை என்று பொருள். ‘லெத்தார்ஜி’ இவ்விரண்டிலும் சேராது. மறதியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் செயலின்மையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் கூடிப் பிறந்தது அது. மருத்துவத் தாளில் அதற்கு விழிப்பு மங்கியிருக்கிறது, கூப்பிட்டால் மெல்லத்தான் பதில் வருகிறது என்று பொருள். கூடை இறக்கிவிட்டு வந்து உங்கள் முன் அமர்ந்து, தம் குறையைத் தெளிவாக எடுத்துச் சொல்லும் ஒருவரைப் பற்றி அந்தச் சொல்லை எழுதினால், அடுத்த அறையில் படிப்பவர் மூளையைப் பற்றிக் கவலைப்படத் தொடங்குவார்.

சொற்களின் பிறப்பைப் பார்த்தால் வேறுபாடு மனத்தில் நன்றாகப் பதிகிறது. ‘எக்ஸாஸ்ட்’ என்பதன் இலத்தீன் மூலத்துக்கு நீரை முழுவதும் இறைத்துவிடுவது என்று பொருள். வடசென்னையில் கோடைக்காலத்தைக் கழித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடிபம்பை அடிக்க அடிக்க முதலில் தண்ணீர், பிறகு செம்மண் கலங்கல், பிறகு வெறும் காற்று, கடைசியில் கைப்பிடி மட்டும் எடையற்று ஏறி இறங்கும். அந்த நிலைதான் எக்ஸாஸ்ஷன். இருந்தது செலவாகித் தீர்ந்தது என்பது அதனுள் இருக்கிறது. ஆகவே என்ன செய்து தீர்ந்தது என்ற கேள்விக்கு விடை இருந்தால்தான் அச்சொல் பொருந்தும். எதுவும் செய்யாமலே காலையில் எழும்போது தோன்றும் அசதிக்குப் பொருந்தாது. ‘எனர்வேட்’ என்பது நரம்பை அறுத்துவிடுவது. ‘எனர்ஜி’யோடு ஒலி ஒத்திருப்பதால் ஊக்கமூட்டுவது என்று நேரெதிராகப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. ‘ஜேடட்’ உழைத்துத் தேய்ந்த குதிரையிலிருந்து வந்தது. ‘லிஸ்ட்லெஸ்’ என்பதில் உள்ள ‘லிஸ்ட்’ பட்டியல் அல்ல, ‘விருப்பம்’ என்னும் பழைய சொல். ஆக அது நாட்டமில்லாமை. இவை உங்கள் தாளுக்கு வேண்டியவை அல்ல, நாவல் படிக்கும்போது உதவும்.

தமிழிலும் இப்படித்தான். களைப்பு உழைப்பின் பின்னால் வருவது, உட்கார்ந்தால் ஆறும். அசதி உடம்பைப் பாரமாக்கிப் படுக்கச் சொல்வது. அலுப்பும் சலிப்பும் மனத்தின் பக்கம் சாய்ந்தவை. தள்ளாமை வயதோடு ஒட்டியது. உங்கள் வரிசையில் நிற்பவர்கள் இவற்றைப் பிரித்தறிந்துதான் பேசுகிறார்கள். நாம்தான் அத்தனையையும் ‘டயர்ட்னஸ்’ என்ற ஒரே பையில் போட்டுக் கட்டுகிறோம்.

இப்போது அந்தக் காரணத்துக்கு வருகிறேன். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் என் தாயாரை ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். தமிழ் அறியாத இளம் மருத்துவர். அம்மா ‘எளப்பா இருக்குதுப்பா’ என்றார். நான் சற்றும் தயங்காமல் ‘டயர்ட்’ என்று மொழிபெயர்த்தேன். சத்து மாத்திரைகள் எழுதித் தந்தார்கள். ‘இளைப்பு’ நம் எழுத்துத் தமிழில் களைப்பையும் குறிக்கும், மூச்சு வாங்குவதையும் குறிக்கும். ‘இளைப்பாறுதல்’ என்று நாள்தோறும் எழுதிப் பழகிய என் காதுக்கு முதற்பொருள் மட்டுமே கேட்டது. எங்கள் தெருவில் ‘எளப்பு’ என்றால் மூச்சிரைப்புதான் என்பது எனக்குத் தெரியாததன்று, அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. இரண்டு வாரம் கழித்து நள்ளிரவில் எழுந்து பார்த்தபோது, அம்மா படுக்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றார். இதயம் இரத்தத்தைப் போதிய அளவு இறைக்க முடியாமல் நுரையீரலில் நீர் கோத்திருந்தது. பிழைத்துக்கொண்டார். அந்த இரண்டு வாரத்தை நான் இன்றும் மறக்கவில்லை.

ஆகையால் ‘எளப்பு’ என்று ஒருவர் சொன்னால், மூச்சு வாங்குகிறதா, எத்தனை படி ஏறினால், படுத்தால் கூடுகிறதா என்று கேட்ட பிறகே எழுதுங்கள். ‘அசதி’ என்பதையும் எளிதாகக் கடந்துவிட வேண்டாம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. தைராய்டு சுரப்புக் குறைவும் சர்க்கரை நோயும் மனச்சோர்வும்கூட அசதியாகவே முதலில் தலைகாட்டும். வேலையின் ஓயாத அழுத்தத்தால் ஓய்ந்துபோவதைக் குறிக்கும் ‘பர்ன் அவுட்’ என்ற சொல்லை மட்டும் நீங்களாகச் சேர்க்காதீர்கள். 1974இல் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பரவிய சொல் அது. 2019இல் உலக சுகாதார நிறுவனம் அதைப் பணிசார்ந்த நிலை என்று விளக்கியபோதே நோய் அன்று என்றும் தெளிவுபடுத்தியது.

என் வேண்டுகோள் ஒன்றுதான். நோயாளி சொன்ன சொல்லை, அவர் சொன்னபடியே, தமிழில் மேற்கோள் குறிக்குள் முதலில் எழுதுங்கள். அதன் கீழே, போன மாதம் செய்ய முடிந்து இந்த மாதம் செய்ய முடியாதது என்ன என்று கேட்டு அவர் தரும் விடையை எழுதுங்கள். ஆங்கிலச் சொல் மூன்றாவதாக வரட்டும். ஐயம் இருந்தால் வராமலே போகட்டும்.

மீன்கூடை சுமக்கும் அந்த அம்மாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர் ‘உடம்பு’ என்று சொல்லவில்லை, ‘கை’ என்றார். ஒரு கையா, இரு கைகளுமா? மெல்ல மெல்ல ஓய்ந்ததா, திடீரென்றா? திடீரென்று ஒரு கை மட்டும் வலுவிழப்பது பக்கவாதத்தின் அறிகுறியாக இருக்கக்கூடும். தாளில் எழுதிய சொல்லைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். இந்தப் பதிலைப் படித்தவுடன் அவரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள்.