காவடி எடுப்பவர்களிடம் எந்தக் கேள்வித்தாளைக் கொடுப்பது?

கேள்வி: மொரீசியஸில் காத்ர் போர்னில் வசிக்கிறேன். பகலில் தமிழ் ஆசிரியை, மாலையில் உளவியல் முதுகலை மாணவி. தைப்பூசத்தில் அலகு குத்திக் காவடி எடுக்கும் 60 பேரையும், எடுக்காத 60 பேரையும் ஒப்பிட நினைக்கிறேன். ஆளுமைக்கு மூளையிலும் உடலிலும் காரணம் தேடிய ஐசெங்க், கிரே, குளோனிங்கர், ஸக்கர்மன் என்ற நான்கு அறிஞர்களின் ஆளுமைக் கேள்வித்தாள்களையும் கொடுத்து, யாருடைய உயிரியல் விளக்கம் சரி என்று சொல்ல முடியுமா? காவடி எடுப்பவர்களுக்கு மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமின் அதிகம் என்று எழுதலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எழுதாதீர்கள்.

புதியதைத் தேடும் குணமான புதுமை நாட்டத்துக்கு டோபமின், ஆபத்துக்கு அஞ்சி ஒதுங்கும் குணமான தீங்கு தவிர்ப்புக்கு செரடோனின், பிறர் பாராட்டையும் பாசத்தையும் சார்ந்திருக்கும் குணமான வெகுமதிச் சார்புக்கு நாரட்ரினலின் என்று மூளை வேதிப்பொருள் ஒவ்வொன்றை 1987-ல் குளோனிங்கர் முன்வைத்தது ஓர் ஊகம். அவருடைய கேள்வித்தாளில் ஒருவர் தன்னைப் பற்றி ‘சரி’, ‘தவறு’ என்று குறிக்கிறார், அவ்வளவுதான். அதில் டோபமினை யாரும் அளக்கவில்லை. 1996-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் டோபமின் ஏற்பி மரபணு ஒன்றுக்கும் புதுமை நாட்டத்துக்கும் தொடர்பு இருப்பதாக அறிவித்தபோது பெரிய பரபரப்பு. பின்னால் வந்த ஆய்வுகளில் அந்தத் தொடர்பு நிலைக்கவில்லை.

உடலை அளப்பது என்றால் என்ன என்பதற்கு நீங்கள் வெளிநாடு தேட வேண்டாம். 1972-ல் உங்கள் காத்ர் போர்னிலும் பக்கத்து வாக்வாவிலும் மூன்று வயதுப் பிள்ளைகள் 1,795 பேரை வைத்து ஒரு நீண்ட ஆய்வு தொடங்கியது. பயத்தில் வியர்க்கும்போது மாறும் தோலின் மின்கடத்தலை அந்தப் பிள்ளைகளிடம் அப்போதே பதிவு செய்தார்கள். உரத்த, வெறுப்பூட்டும் ஓசை வரப்போகிறது என்று முன்கூட்டியே உணரும் பயம் மூன்று வயதில் யாரிடம் குறைவாக இருந்ததோ, அவர்களில் குற்றப் பதிவு பெற்றவர்கள் 23 வயதில் அதிகம் என்று 2010-ல் வெளியான கட்டுரை காட்டியது. இங்கே உடல் அளவு முன்னே வந்தது, வாழ்க்கை பின்னே வந்தது. யாரும் தன்னைப் பற்றிச் சொல்லவே தேவைப்படவில்லை.

சரி, கேள்வித்தாள்களை ஒப்பிடவே முடியாதா? முடியும். ஆனால் ‘எது சரி’ என்று கேட்காமல், ‘எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன’ என்று கேளுங்கள். 1996-ல் ஸக்கர்மனும் குளோனிங்கரும் சேர்ந்தே தங்கள் அளவுகோல்களை ஐசெங்கினுடையதோடு ஒரே ஆட்களிடம் வைத்துப் பார்த்தார்கள். புதுமை நாட்டமும், ஸக்கர்மனின் பரபரப்பு நாட்ட அளவுகோலும் நெருக்கமாக ஒத்துப்போயின. தீங்கு தவிர்ப்பு, ஸக்கர்மனின் பதற்ற அளவோடு சேர்ந்துகொண்டது. பெயர் வேறு, சரக்கு ஏறக்குறைய ஒன்று. இந்த இடங்களில் நீங்கள் எத்தனை பேரிடம் கேட்டாலும் ஒருவருடைய கொள்கைதான் ஜெயித்தது என்று சொல்ல முடியாது.

பிரியும் இடம் விடாமுயற்சி. குளோனிங்கர் 1993-ல் அதைத் தனி அளவுகோலாக்கினார். ஸக்கர்மனின் பட்டியலில் அதற்கு நேர் ஜோடி இல்லை, சுறுசுறுப்பு மட்டுமே கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. உங்கள் ஆய்வுக்கு இதுதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. அலகு குத்துகிறவரை வெளியிலிருந்து பார்ப்பவர் ‘பரபரப்புப் பிரியர்’ என்பார். பிள்ளைக்கு உடம்பு சரியாக வேண்டும் என்று நேர்ந்துகொண்டு பத்து நாள் விரதம் இருக்கிறவரை நீங்கள் நேரில் அறிவீர்கள். ஸக்கர்மன் வழியில் போனால் காவடி எடுப்பவர்களிடம் பரபரப்பு நாட்டம் அதிகமாக இருக்க வேண்டும். என் ஊகம், அது அதிகமாக இருக்காது, விடாமுயற்சிதான் அதிகமாக இருக்கும். இரண்டு எதிர்பார்ப்பையும் தரவு சேகரிக்கும் முன்பே எழுதி வையுங்கள்.

ஆகவே குளோனிங்கர், ஸக்கர்மன் இருவரின் கேள்வித்தாள்கள் போதும். குளோனிங்கரின் முழு வடிவம் 240 கேள்வி, விரதக்காரரிடம் அதை நீட்டினால் உங்களையே சாமி கோபித்துக்கொள்ளும்! 140 கேள்விச் சுருக்கம் இருக்கிறது. ஸக்கர்மனுக்கு 50 கேள்விச் சுருக்கம். அவருடைய பழைய 40 கேள்வி வடிவத்தை மட்டும் தொடாதீர்கள். உயரமான மலைச்சரிவில் வேகமாகப் பனிச்சறுக்குவது பற்றிக் கேட்கும், மொரீசியஸில் பனிக்கு எங்கே போவது?

வெகுமதியை நாடவும் தண்டனையிலிருந்து ஒதுங்கவும் மூளையில் தனித்தனி அமைப்புகள் உண்டு என்ற கிரேயின் கொள்கை எனக்குப் பிடித்தது, ஆனால் அதற்குப் பரவலாகப் பயன்படும் 24 கேள்விகள் கொண்ட தாள் 1994-ல் வந்தது. 2000-ல் கொள்கையே திருத்தப்பட்டு, பயமும் பதற்றமும் வெவ்வேறு அமைப்புகள் என்று ஆனது. அந்தத் தாள் இரண்டையும் ஒன்றாகக் கலந்தே கேட்கிறது. ஐசெங்க்கை விட்டுவிடலாம்.

பிரெஞ்சு வடிவத்தையே கொடுங்கள். உங்கள் ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில் நீங்களே மொழிபெயர்த்தால் இன்னொருவரை வைத்துத் திரும்ப பிரெஞ்சுக்குக் கொண்டுவந்து ஒப்பிட வேண்டும், பத்துப் பேரிடமாவது முன்சோதனையும் தேவை. இரண்டு குழுக்களின் சராசரிக்கு நடுவே அரைத் திட்டவிலக்க (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவில் பாதி) வேறுபாடு இருந்தால் அதை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்கக் குழுவுக்கு 64 பேர் வேண்டும், 60 நெருக்கத்தில் நிற்கிறது. இதற்காகவும் அளவுகோல்களைக் குறையுங்கள், பதினைந்தை ஒப்பிட்டால் ஏதாவது ஒன்று தற்செயலாகவே வேறுபடக்கூடும்.

விரதம் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே கேளுங்கள். அலகு எடுத்த மறுநாள் கேட்டால் அந்தக் களைப்பையும் நிறைவையும்தான் அளப்பீர்கள். ‘எடுக்காதவர்கள்’ யார் என்பதும் முக்கியம். கடைத்தெருவில் கிடைத்தவர்களைப் பிடிக்காமல், அதே கோயிலில் அதே விரதம் இருந்து பால்குடம் மட்டும் எடுப்பவர்களைத் தேடுங்கள்.