எண்ணூர் வெண்கண்டல் இலையும் ஒரு எம்டிடி ரிப்போர்ட்டும்

கேள்வி: நான் வியாசர்பாடியில் இருக்கிறேன். எம்.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி இரண்டாம் ஆண்டு. எண்ணூர் காட்டுக்குப்பத்தில் மீன் பிடிக்கும் என் சித்தப்பா, படகில் போய், கழிமுகக் கண்டல் காட்டில் வளரும் வெண்கண்டல் இலை பறித்துக் கொடுத்தார். உலர்த்தி மெத்தனாலில் எக்ஸ்ட்ராக்ட் எடுத்தேன். காலேஜில் செல் கல்ச்சர் வசதி இல்லை, அதனால் தனியார் லேபில் கொடுத்து, செல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் எம்டிடி டெஸ்ட் செய்தேன். ஹீலா என்ற கருப்பைவாய்ப் புற்று செல்லில் ஐசி50 மதிப்பு (உயிருள்ள செல்லைப் பாதியாகக் குறைக்கும் அளவு) 142 மைக்ரோகிராம்/மி.லி. என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. இதை வைத்து 'புற்றுநோய் எதிர்ப்புத் திறன்' என்று தீசிஸுக்குத் தலைப்பு வைக்கலாமா? வைவாவுக்கு மூன்று மாதம் இருக்கிறது, கையில் பணம் அதிகம் இல்லை. சித்தப்பா வேறு, கருப்பைவாய்ப் புற்றுக்கு கீமோ எடுக்கும் எங்கள் அத்தைக்கு இந்த இலையைக் கஷாயம் வைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

பதில்: அத்தை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். கொடுக்க வேண்டாம். கருப்பைவாய்ப் புற்றுக்கு வழக்கமாக ஏற்றும் சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து. அதனால்தான் பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றுகிறார்கள், ஒவ்வொரு முறையும் கிரியாட்டினின் பார்க்கிறார்கள். அந்தச் சிறுநீரகத்தின் மேல் மாசு படிந்த எண்ணூர்க் கழிமுகத்து இலையின் உப்பையும், அதோடு வரக்கூடிய ஈயம், காட்மியத்தையும் தினமும் ஒரு டம்ளர் ஏற்றுவது ஆபத்து. ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். திட்டுவாரோ என்று பயந்து நிறைய பேர் சொல்வதில்லை. ரத்த ரிப்போர்ட் ஏன் திடீரென்று மாறியது என்று அவருக்கும் புரியாமல் போகிறது. சித்த மருத்துவம் பார்க்க ஆசைப்பட்டால், பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம், புற்றுநோய் டாக்டருக்கும் தெரிந்தபடி போகலாம். படகில் பறித்த இலை அதில் சேராது.

இனி உங்கள் ரிப்போர்ட்டுக்கு வருவோம்.

142 என்பது பலவீனமான எண். சுத்திகரிக்காத செடி எக்ஸ்ட்ராக்ட் என்றால் ஐசி50 மதிப்பு 30 மைக்ரோகிராமுக்குக் கீழே, பிரித்தெடுத்த தனிப் பொருள் என்றால் 4-க்குக் கீழே இருந்தால்தான் மேற்கொண்டு போகலாம் என்பது, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் பெயரில் பலரும் பயன்படுத்தும் அளவுகோல். ஏன் இவ்வளவு கறார் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரியவர் ஒருவரின் உடம்பில் சுமார் 40 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. அதில் லிட்டருக்கு 142 மில்லிகிராம் நிற்க வேண்டுமானால் ஐந்தரை கிராமுக்கு மேல் எக்ஸ்ட்ராக்ட் வேண்டும். அதுவும் ஒரு துளி வீணாகாமல் குடலைக் கடந்து, கல்லீரல் உடைக்காமல், லேப் பிளேட்டில் செல்லோடு நின்றதுபோல் 48 மணி நேரம் அப்படியே நிற்க வேண்டும். உடம்பில் அது நடக்காது.

ஆனால் வைவாவில் உங்களைச் சிக்கவைக்கப்போவது எண்ணின் அளவு இல்லை. அந்தச் செல்களைக் கொன்றது எது, கொல்லாமல் விட்டது எதை என்ற இரண்டு கேள்விகள்தான். ஹீலாவின் மேல் ஒரு சொட்டு பினாயில் விட்டாலும் சாகும். பினாயிலை யாரும் புற்றுநோய் மருந்து என்று சொல்வதில்லையே.

டெஸ்ட் எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து வருவோம். எம்டிடி மஞ்சள் நிறப் பொருள், 1983-இல் டிம் மோஸ்மன் வெளியிட்ட முறை. உயிருள்ள செல்லின் என்சைம்கள் அதை ஊதா நிறப் படிகமாக மாற்றும். படிகத்தைக் கரைத்து 570 நானோமீட்டரில் அளக்கிறோம். ஊதா அதிகமென்றால் உயிருள்ள செல் அதிகம் என்று எடுத்துக்கொள்கிறோம். இங்கேதான் செடி எக்ஸ்ட்ராக்ட் வம்பு செய்யும். இலையில் உள்ள பாலிஃபீனால்கள் எந்தச் செல்லின் உதவியும் இல்லாமல், தாங்களே எம்டிடியை ஊதாவாக்கிவிடும். செத்த செல்லும் உயிரோடு இருப்பதாகக் கணக்கு வரும். குளோரோஃபில்லின் பச்சை நிறமும் தன் பங்குக்கு ரீடிங்கை ஏற்றும். அதனால் உங்கள் 142-இல் உண்மை ஒருவேளை 100 ஆகவும் இருக்கலாம். அப்புறம், எம்டிடி அளப்பது செல்லின் வளர்சிதை மாற்றத்தைத்தான். வளர்ச்சி மந்தமான செல்லும் செத்த செல்லும் அதற்கு ஒன்றுதான்.

இதற்கு வழி எளிது. செல்லே இல்லாத வெல்களில் (பிளேட்டின் குழிகளில்) எக்ஸ்ட்ராக்ட்டையும் எம்டிடியையும் ஊற்றி ஒரு வரிசை வைக்கச் சொல்லுங்கள். எம்டிடி போடுவதற்கு முன் எக்ஸ்ட்ராக்ட் கலந்த மீடியத்தை (செல் வளரும் திரவத்தை) எடுத்துவிட்டு ஒருமுறை கழுவச் சொல்லுங்கள். ட்ரிப்பான் ப்ளூ கொண்டு நேரடியாகச் செல் எண்ணிக்கை ஒன்றும் எடுக்கச் சொல்லுங்கள். செத்த செல்லுக்குள் நீலம் ஏறும், உயிருள்ளதில் ஏறாது. செல் எண்ணும் கண்ணாடித் தகடான நியூபார் சேம்பரும் சாதாரண மைக்ராஸ்கோப்பும் போதும், செலவு குறைவு. நீங்களே போய் உட்கார்ந்து எண்ண அனுமதி கிடைத்தால் இன்னும் நல்லது, வைவாவில் உங்கள் குரலில் தெம்பு வரும்.

அடுத்தது செடி. வெண்கண்டல், அதாவது அவிசெனியா மரைனா, வேர் வழியாக உறிஞ்சிய உப்பை இலையின் சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளும் செடி. இலையை நக்கிப் பார்த்தால் கரிக்கும், சித்தப்பாவுக்குத் தெரிந்திருக்கும். கழுவாமல் உலர்த்தினால் அந்த உப்பில் ஒரு பகுதி மெத்தனாலில் கரைந்து எக்ஸ்ட்ராக்டுக்குள் வந்துவிடும். 142 மைக்ரோகிராமில் உள்ள உப்பு ஹீலாவைக் கொல்லாது, மீடியத்திலேயே அதைவிடப் பல மடங்கு உப்பு இருக்கிறது. ஆனால் நீங்கள் எடை போட்டதில் பாதி உப்பாக இருந்தால், உங்கள் டோஸ் கணக்கு முழுதும் தப்பு. கழுவிய இலையில் மறுபடி எடுங்கள்.

டானினையும் பாருங்கள். சுரபுன்னை அளவுக்கு இல்லாவிட்டாலும் வெண்கண்டலிலும் டானின் உண்டு. அது கண்ட புரதத்தையெல்லாம் பிடித்துக்கொள்ளும், புற்று செல், நல்ல செல் என்ற வித்தியாசமே தெரியாது. சபோனினும் அப்படித்தான், செல் சவ்வையே கரைக்கும். ஜெலட்டின் சேர்த்து வீழ்படிவு வருகிறதா என்று பார்ப்பதும், கொஞ்சம் ஆட்டு ரத்தச் சிவப்பணு உடைகிறதா (ஹீமோலிசிஸ்) என்று பார்ப்பதும் உங்கள் காலேஜ் லேபிலேயே முடிகிற வேலை. இந்த இரண்டையும் செய்துவிட்டு வரும் மாணவர்கள் மிகவும் குறைவு.

இலை எண்ணூரில் பறித்தது என்பதை நீங்கள் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் இந்த புராஜெக்டின் மையமாகத் தெரிகிறது. அனல்மின் நிலையச் சாம்பல் பல வருடங்களாகக் கலந்த கழிமுகம் அது. 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகம் முழுக்கப் படிந்தது. வலையும் படகும் கறுத்துப்போனதைச் சித்தப்பாவே பார்த்திருப்பார். அந்தக் கரையில் வளரும் இலையில் எண்ணெயின் ஹைட்ரோகார்பன் மிச்சம் ஒட்டியிருந்தால் மெத்தனால் அதையும் இழுத்துவரும். உலோகம் மட்டுமே ஹீலாவைக் கொன்றிருக்கும் என்று சொல்ல மாட்டேன், அந்த டோஸில் அது மிகவும் சொற்பம். ஆனால் மாசில் தவிக்கும் செடி தன் பாலிஃபீனால் அளவை மாற்றிக்கொள்ளும். ஆக, செல்லைக் கொன்றது வெண்கண்டலா, எண்ணூரா?

இதையே கேள்வியாக வையுங்கள் என்பதுதான் என் யோசனை. பிச்சாவரத்திலோ முத்துப்பேட்டையிலோ அதே செடி, அதே பருவம், அதே முதிர்ச்சியுள்ள இலை வாங்கி, ஒரே நாளில், ஒரே பிளேட்டில் இரண்டையும் ஓட்டுங்கள். முடிவு எந்தப் பக்கம் வந்தாலும் எழுத விஷயம் இருக்கும். இன்னொரு செடியின் ஐசி50 மதிப்பை விட எனக்கு அதைப் படிக்கத்தான் ஆர்வம். ஆனால் கண்டல் காட்டில் இலை பறிப்பதற்கு முன் கைடு மூலம் வனத்துறையில் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

செடியின் அடையாளத்தையும் உறுதி செய்ய வேண்டும். அவிசெனியா ஒஃபிசினாலிஸ் என்று இதன் நெருங்கிய உறவு ஒன்று உண்டு, இலையை மட்டும் வைத்துப் பார்த்தால் ஏமாறலாம். பூவோடு ஒரு கிளையை எடுத்துக்கொண்டு அரும்பாக்கத்தில் உள்ள சித்த மத்திய ஆராய்ச்சி நிறுவனத்தில் காட்டி, சான்று கேளுங்கள்.

செல்களுக்கு வருவோம். ஹீலா மட்டும் போதாது. குறைந்தது ஒரு புற்றில்லாத செல் லைன், அதாவது லேபில் தொடர்ந்து வளர்க்கும் செல் வகை, வேண்டும். வீரோ, எல்929 இரண்டும் நம் ஊர் லேப்களில் கிடைக்கும். முதலாவது குரங்குச் சிறுநீரகத்திலிருந்தும், இரண்டாவது எலியிலிருந்தும் வந்தவை. 'நார்மல் மனித செல்' என்று வைவாவில் வாய் தவறியும் சொல்லாதீர்கள். நல்ல செல்லின் ஐசி50 மதிப்பைப் புற்று செல்லின் மதிப்பால் வகுத்தால் வருவது செலக்டிவிட்டி இண்டெக்ஸ். அது ஒன்றை ஒட்டி வந்தால் உங்கள் எக்ஸ்ட்ராக்ட் வெறும் விஷம், மூன்றைத் தாண்டினால் பேசலாம்.

இரண்டாவது புற்று செல் லைனாக லேப்காரர் 'கேபி' தரட்டுமா, வாய்ப் புற்று, விலை குறைவு என்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கேபி என்பது எப்போதோ ஹீலா கலந்து ஹீலாவாகவே மாறிவிட்ட செல். இரண்டு வகைப் புற்றில் சோதித்தேன் என்று எழுதி, ஒரே செல்லை இரண்டு முறை சோதித்த தீசிஸ்கள் நம் நூலகங்களில் உண்டு. செல் எங்கே வாங்கியது, பூனே தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்தா, எத்தனையாவது பாசேஜ் (எத்தனை முறை பிரித்து வளர்த்தது), மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா கலந்திருக்கிறதா என்று டெஸ்ட் செய்தார்களா என்பதைக் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

எக்ஸாமினர் கட்டாயம் நித்தியகல்யாணியை இழுப்பார், செடியிலிருந்து மருந்து வரவில்லையா என்று. வந்தது. கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் இருவரும் அதைச் சர்க்கரை நோய்க்காகத்தான் சோதித்தார்கள். எலிகளுக்குச் சர்க்கரை குறையவில்லை, வெள்ளையணுக்கள் குறைந்தன. அந்தத் துப்பைப் பிடித்துப் போய் 1958-இல் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தை அறிவித்தார்கள். ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். பசிபிக் யூ மரப்பட்டையை 1962-இல் சேகரித்தார்கள், அதிலிருந்து வந்த டாக்சால் புற்றுநோய் மருந்தாக அனுமதி பெற்றது 1992-இல். அந்தப் பட்டையைச் சோதித்த அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் திட்டத்தில் 1960 முதல் 1982 வரை சுமார் 35,000 செடி மாதிரிகளைச் சலித்தார்கள், மருந்தாக வந்தவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. இதைச் சொன்னால் போதும்.

தலைப்பு கேட்டீர்களே: 'எண்ணூர், பிச்சாவரம் வெண்கண்டல் இலை எக்ஸ்ட்ராக்டுகளின் செல் நச்சுத்தன்மை: ஓர் ஒப்பீடு'. புற்றுநோய் எதிர்ப்பு என்பதை வைக்காதீர்கள். பிளேட்டில் செல் செத்ததைத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

கடைசியாக, லேபோடு பேசும்போது. மூன்று வெல்லில் ஒரே எக்ஸ்ட்ராக்ட்டை ஊற்றிவிட்டு மூன்று முறை செய்தோம் என்பார்கள். அது ஒருமுறைதான். வேறு வேறு நாளில், புதிதாக வளர்த்த செல்லில் மூன்று தடவை வேண்டும். எக்ஸ்ட்ராக்டைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ திரவத்தின் கடைசி அளவு 0.5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, அது மட்டும் ஊற்றிய கண்ட்ரோலும், டாக்சோருபிசின் என்ற புற்றுநோய் மருந்து ஊற்றிய கண்ட்ரோலும் ஒவ்வொரு பிளேட்டிலும் இருக்க வேண்டும். அவர்கள் போட்டுத்தரும் வண்ண கிராஃப் உங்களுக்கு உதவாது. ரீடரிலிருந்து வந்த மூல ரீடிங் ஃபைலையும் மைக்ராஸ்கோப் படங்களையும் கையில் வாங்கிய பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.