ஹெலிகாப்டருக்கு எந்த சார்ஜர்? – வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: ப்ளஸ் ஒன் படிக்கும் என் மகனிடம் உள்ளங்கை அளவு ரிமோட் ஹெலிகாப்டர் இருக்கிறது. அதற்கு 150 எம்ஏஎச் ஒற்றை செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி மூன்று. போன மாதம் அவன் மாமா ‘450’ என்ற பெரிய அளவு ஹெலிகாப்டர் ஒன்று வாங்கிக் கொடுத்தார். அதற்கு மூன்று செல், 2200 எம்ஏஎச். இரண்டுக்கும் பொதுவாக ஒரு சார்ஜர் கேட்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். ஆம்பியர் கூடக்கூட நல்லது என்கிறார்கள். எதை வாங்குவது?
– வாசகி, பெரம்பூர்

பதில்: கடைக்காரர் சொன்னது பெரிய பேட்டரிக்குச் சரி. ஆனால் சார்ஜர் விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: அது குறைந்தபட்சம் எவ்வளவு மின்னோட்டம் தரும் என்று முதலில் கேளுங்கள். வீட்டில் இருப்பதிலேயே சின்ன பேட்டரி எதுவோ, அதுதான் அளவுகோல்.

கணக்கு எளிது. பேட்டரியின் கொள்ளளவு, அதாவது எம்ஏஎச், எவ்வளவோ அதே அளவு மின்னோட்டத்தில் சார்ஜ் செய்வதுதான் பத்திரமான வழக்கம்; ஆயிரம் எம்ஏஎச்சுக்கு ஒரு ஆம்பியர். 1சி என்பார்கள். 2200 எம்ஏஎச்சுக்கு 2.2 ஆம்பியர், உங்கள் குட்டி பேட்டரிக்கு வெறும் 0.15. கடையில் காட்டும் 6 ஆம்பியர் சார்ஜர்கள் பெரும்பாலும் 0.1, 0.2 என்று படிப்படியாகத்தான் ஏறும். 0.1இல் வைத்தால் ஆபத்து இல்லை. ஆனால் ஒரு பேட்டரிக்கே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். சில நிமிடம் பறக்க அவ்வளவு நேரம் எந்தப் பையன் காத்திருப்பான்? ஒருநாள் பட்டனை அழுத்தி 1 ஆம்பியருக்கு ஏற்றிவிடுவான். சங்கில் புகட்ட வேண்டியதைக் குடத்தால் ஊற்றுகிற கதைதான். பேட்டரி உப்பிவிடும்.

அதனால் இரண்டு சார்ஜராக வாங்குங்கள். ஒற்றை செல்லுக்கென்றே நான்கு, ஆறு துளை வைத்த சின்ன சார்ஜர்கள் கிடைக்கின்றன. ஒவ்வொரு துளையும் தனித்தனியாக இயங்க வேண்டும், மின்னோட்டத்தை 0.1, 0.2 என்று மாற்ற முடிய வேண்டும். மூன்று பேட்டரியையும் ஒரே நேரத்தில் மாட்டலாம் என்பதால் இதில் 0.1 ஆம்பியரே போதும். பேட்டரி முனையும் பொருந்த வேண்டும் என்பதால் ஒரு பேட்டரியைக் கையோடு கொண்டுபோங்கள். எத்தனை வோல்ட்டில் சார்ஜை நிறுத்துவது என்பதற்கு, சிலவற்றில் 4.20, 4.35 என்று ஒரு சுவிட்ச் இருக்கும். பேட்டரி மேல் ‘எச்வி’ (ஹை வோல்டேஜ்) என்று அச்சிடாதவரை 4.20லேயே இருக்கட்டும்.

450க்கு பேலன்ஸ் சார்ஜர் கட்டாயம். மூன்று செல்லும் நிறைந்தால் மொத்தம் 12.6 வோல்ட். மொத்தத்தை மட்டும் பார்க்கிற சார்ஜருக்கு 4.10, 4.15, 4.35 என்று இருந்தாலும் கூட்டினால் அதே 12.6தான், நிறைந்துவிட்டது என்று நிறுத்திவிடும். அந்த 4.35இல் இருக்கும் செல்தான் முதலில் கெடும், தீப்பிடிப்பதும் அங்கேதான். பேட்டரியில் தடித்த ஒயர் தவிர வெள்ளை முனையோடு மெல்லிய ஒயர்கள் வருகின்றன அல்லவா, அதையும் சேர்த்து மாட்டினால்தான் ஒவ்வொரு செல்லையும் சார்ஜர் தனியாகப் பார்க்கும். அதை மாட்டாமல் சார்ஜ் செய்யவே கூடாது என்று மகனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

வாட்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். 12.6 வோல்ட்டை 2.2 ஆம்பியரால் பெருக்கினால் 28 வாட்ஸுக்குள்தான். 50 வாட்ஸ் சார்ஜரே தாராளம். அது நேராகக் கரண்டில் மாட்டுவதா, தனி அடாப்டர் கேட்பதா என்று பாருங்கள். ஐமேக்ஸ் பி6 போன்ற சார்ஜர்களில் இரண்டு வகையும் உண்டு. அடாப்டர் கேட்கும் வகை மைதானத்தில் 12 வோல்ட் கார் பேட்டரியிலும் ஓடும், அதனால் எனக்கு அதுதான் பிடிக்கும். பி6க்கு நகல்களும் ஏராளம். பெட்டியைப் பார்த்து நம்பாமல், வோல்ட் அளக்க ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள், அதே தெருவில் கிடைக்கும். முதல் சார்ஜ் முடிந்ததும் ஒவ்வொரு செல்லையும் அளந்து பாருங்கள். 4.20ஐ ஒட்டி இருக்க வேண்டும். 4.25 காட்டினால் அந்த சார்ஜரைத் திருப்பிக் கொடுங்கள்.

இன்னொன்று. இந்த சார்ஜர்களில் பேட்டரி வகையை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். நிக்கல் வகைக்கான முறை, நிறைந்ததும் வோல்டேஜ் லேசாக இறங்குவதைப் பார்த்து நிறுத்துவது. தவறி அதில் வைத்துவிட்டால், லிப்போவில் அந்த இறக்கம் வராது; சார்ஜர் ஏற்றிக்கொண்டே போகும். திரையில் ‘லிப்போ’, ‘3எஸ்’ (மூன்று செல்) இரண்டையும் பார்த்த பிறகே ஸ்டார்ட்.

நம் ஊர் மே மாத வெயிலில் பறந்து இறங்கிய பேட்டரி கைபொறுக்காத சூட்டில் இருக்கும். ஆறிய பிறகு மாட்டுங்கள். மெத்தை, சோபா மேல் வேண்டாம். தரையில், பக்கத்தில் ஒரு வாளி மணலோடு, ஆள் இருக்கும்போது மட்டும். பரீட்சை நேரத்தில் வாரக்கணக்கில் பறக்கப்போவதில்லை என்றால் ‘ஸ்டோரேஜ்’ முறையில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்துவிடுங்கள். முழுக்க நிரப்பி அலமாரியில் வைத்தால் ஆயுள் குறையும்.

கேள்வி: செல்போன் சார்ஜர் ஒயரை வெட்டி ஹெலிகாப்டர் பேட்டரியில் நேரடியாக இணைக்கலாமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: கூடவே கூடாது. நாம் செல்போன் சார்ஜர் என்று சொல்வது 5 வோல்ட் தரும் அடாப்டர் மட்டும்தான். சார்ஜை நிறுத்தும் சுற்று போனுக்குள் இருக்கிறது. ஒயரை நேராகப் பேட்டரியில் கொடுத்தால் 4.2இல் நிறுத்த எதுவும் இல்லை. பொம்மையோடு வந்த யூஎஸ்பி ஒயரில் ஒரு சின்ன சர்க்யூட் இருக்கும். அது தொலைந்திருந்தால் அதே வகையை வாங்குங்கள்.

கேள்வி: பேட்டரி கொஞ்சம் உப்பியிருக்கிறது, ஆனால் நன்றாகத்தான் பறக்கிறது. சார்ஜ் செய்யலாமா?
– வாசகர், அண்ணா நகர்

பதில்: வேண்டாம். உள்ளே வாயு சேர்ந்துவிட்டது. நன்றாகப் பறப்பதை வைத்து அதை நம்ப முடியாது. குத்திக் காற்றை வெளியேற்றப் பார்க்காதீர்கள், உடனே பற்றிக்கொள்ளலாம். முனைகள் ஒன்றையொன்று தொடாமல் டேப் சுற்றி, வீட்டுக்கு வெளியே மணல் போட்ட மண்சட்டியில் வையுங்கள். மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் லிப்போ என்று சொல்லியே கொடுங்கள். தெருக் குப்பைத் தொட்டியில் போட்டால், அதைக் கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளருக்குத்தான் ஆபத்து.