தோல் கிளினிக்கில் ஏஐ: சுங்கை சிப்புட் மக்கள் கேட்டதும் நான் சொன்னதும்

மலேசியாவின் ஈப்போவில் ஒரு தனியார் தோல் கிளினிக்கில் தாதியாக இருக்கிறேன். வீடு சுங்கை சிப்புட்டில். டாக்டர் சொல்வதை நோயாளிகளுக்குத் தமிழிலும் மலாயிலும் எழுதிக் கொடுக்க ஏஐயைப் பயன்படுத்துகிறோம் என்று தெரிந்ததும், நம் வட்டார வாட்ஸ்அப் குழுவில் கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை பதில் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை. அதனால் தயவுசெய்து படம் அனுப்பி "இது என்ன நோய்" என்று கேட்காதீர்கள்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை: ஏஐ வைத்து அங்கே என்னதான் செய்கிறீர்கள், சிஸ்டர்?

டீச்சர், தோல் நோய்க்கு மருந்து கொடுப்பது சுலபம். அதை வீட்டில் சரியாகப் போட வைப்பதுதான் கஷ்டம். ஒருவர் இரண்டு கிரீம், ஒரு மாத்திரை, ஒரு சோப்போடு வெளியே வருவார். ஒன்று முகத்தில் படக்கூடாது, இன்னொன்று இரண்டு வாரத்துக்குப் பிறகு குறைக்க வேண்டும். பஸ் ஏறுவதற்குள் பாதி மறந்துபோகும்.

டாக்டர் ஆங்கிலத்தில் எழுதிய குறிப்பிலிருந்து பெயர், ஐசி (அடையாள அட்டை) எண் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஏஐயிடம் கொடுப்போம். எளிய தமிழில், சின்னச் சின்ன வாக்கியமாக, எங்கே தடவுவது, எப்போது, எத்தனை நாள், எப்போது திரும்பி வருவது என்று எழுதச் சொல்வோம். அதை நான் ஒரு முறை படிப்பேன், டாக்டர் ஒரு முறை படிப்பார். பிறகுதான் நோயாளிக்குப் போகும். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு நானே குரல் பதிவு செய்து அனுப்புவேன்.

சிரங்கை எடுத்துக்கொள்ளுங்கள். சிரங்குப் பூச்சிக்கு பெர்மெத்ரின் 5 சதவீத கிரீம். கழுத்திலிருந்து கால் வரை, விரல் இடுக்கு, நகத்துக்கு அடியில், தொப்புள், தொடை இடுக்கு எதையும் விடாமல் தடவி, 8 முதல் 14 மணி நேரம் வைத்துக் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. அரிப்பே இல்லாதவர்கள் உட்பட வீட்டில் எல்லாரும் ஒரே இரவில் போட வேண்டும். பூச்சி செத்த பிறகும் சில வாரம் அரிப்பு இருக்கும். இதை யாரும் சொல்லாததால் மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்துத் தினமும் தடவித் தோலைப் புண்ணாக்கிக்கொண்டு வருகிறார்கள். இந்தச் செய்தியைக் கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்க்கு ஒரு விதமாகவும், செம்பனைத் தோட்டத்துக் கொங்சியில் (தொழிலாளர் கொட்டகையில்) பத்துப் பேராகத் தங்கியிருக்கும் தொழிலாளிகளுக்கு வேறு விதமாகவும் எழுத வேண்டும். வங்காள மொழியிலும் நேப்பாளியிலும்கூட வேண்டும். முன்பு இதையெல்லாம் எழுத எனக்கு நேரமே இருக்காது. இப்போது முடிகிறது. வங்காளத்தில் வந்ததை ஒரு தொழிலாளியிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லி, என்ன புரிந்தது என்று மலாயில் கேட்டுக்கொள்வேன்.

ஏஐ எழுதுவதில் நான் தவறாமல் திருத்துவது ஒன்று உண்டு. "தேவையான அளவு தடவவும்" என்று எழுதும். தேவையான அளவு எவ்வளவு? ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனி வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம் வரும். விரல்களோடு சேர்த்து பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும். இப்படிச் சொன்னால்தான் கை சரியாகப் போடும்.

லாரி ஓட்டும் தம்பி: கையில வட்டமா வந்திருக்கு. படம் பிடிச்சு ஏஐகிட்ட காட்டினா அதுவே சொல்லிடாதா?

சொல்லும். சரியாகச் சொல்லுமா என்பதுதான் கேள்வி. இப்படிப்பட்ட ஏஐ பலவும் பெரும்பாலும் வெள்ளைத் தோல் படங்களைப் பார்த்துக் கற்றவை. 2022இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் பல நிறத் தோல்களின் 656 படங்களைக் கொடுத்துச் சோதித்தபோது, கருந்தோலில் அவை இன்னும் மோசமாகத் தடுமாறின. வெள்ளைத் தோலில் சிவப்பாகத் தெரிவது நம் தோலில் ஊதாவாகவோ கரும்பழுப்பாகவோ தெரியும்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. வட்டமாக வந்ததற்கெல்லாம் கடையில் ஸ்டீராய்டு கலந்த கிரீம் வாங்கிப் போடாதீர்கள். அது படர்தாமரையாக இருந்தால் அரிப்பு அடங்கும், ஆனால் பூஞ்சை உள்ளுக்குள் பரவும். வட்டத்தின் ஓரமும் அழிந்துபோகும். பிறகு ஏஐ என்ன, டாக்டருக்கே கண்டுபிடிப்பது சிரமம். நேராக அரசு கிளினிக்குக்கு (கிளினிக் கெசிஹாத்தான்) போங்கள். 1 ரிங்கிட்தான்.

தாமானில் இருந்து ஒரு அக்கா: அப்பாவுக்கு சொரியாசிஸ். மெத்தோட்ரெக்சேட் கொடுத்திருக்காங்க. மருந்துப் பையில் உள்ள எழுத்தை ஏஐ தமிழில் மாத்திக் கொடுத்துச்சு. அதை நம்பலாமா?

நம்பாதீர்கள், அக்கா. இந்த ஒரு மருந்துக்கு மட்டும் கண்டிப்பாக நம்பாதீர்கள். சொரியாசிஸுக்கு மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிடுவது. தினமும் சாப்பிட்டால் வாயெல்லாம் புண்ணாகி, எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவது நின்று உயிரே போகலாம். உலகம் முழுக்க அப்படி இறந்தவர்கள் உண்டு. ஏஐயின் தமிழ் வழுவழுவென்று இருப்பதால் அதில் உள்ள தப்பு கண்ணில் படாது. எந்தக் கிழமை என்று மருந்தாளரிடம் கேட்டு, "புதன்கிழமை மட்டும்" என்பது போலப் பெரிய எழுத்தில் பெட்டி மேல் எழுதி ஒட்டுங்கள். கூடவே ஃபோலிக் அமில மாத்திரை கொடுத்திருந்தால் அது எந்த நாள் என்பதையும் கேட்டு எழுதுங்கள். இன்றைக்கே செய்யுங்கள்.

பெயர் சொல்லாத ஒருவர்: (காலின் படம்) இது என்ன சிஸ்டர்?

மேலே சொல்லிவிட்டேன். டாக்டரிடம் காட்டுங்கள்.

கல்லூரி மாணவி: முகப்பருப் படத்தை ஏஐயில் போட்டால் யாராவது பார்ப்பார்களா?

எங்கே சேமிக்கிறார்கள் என்பது உனக்குத் தெரியாதே, அம்மா. முகம் தெரிகிற படத்தை இலவசச் செயலியில் போடாதே. கிளினிக்கிலும் உன் சம்மதம் இல்லாமல் படம் எடுக்கக் கூடாது. 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நல விவரம் தனிக் கவனத்தோடு காக்க வேண்டிய தரவு.

ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி: பேரன் சாட்ஜிபிடியில் என் எக்சிமாவைப் பற்றிக் கேட்டான். எவ்வளவு பொறுமையா பதில் சொல்லுது! நான் பார்த்த டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கல. அப்புறம் ஏன் டாக்டர்?

ஐயா, உங்கள் வருத்தம் நியாயமானது. 2023இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. இணையத்தில் மக்கள் கேட்ட 195 மருத்துவக் கேள்விகளுக்கு டாக்டர்கள் எழுதிய பதிலையும் சாட்ஜிபிடி எழுதிய பதிலையும் மருத்துவத் துறையினரிடமே கொடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 79 அளவில் சாட்ஜிபிடியின் பதிலையே தேர்ந்தெடுத்தார்கள். பரிவும் அதில்தான் கூடுதல் என்றார்கள். ஆனால் அது எழுத்தில் கேட்ட கேள்வி, எழுத்தில் வந்த பதில். தொட்டுப் பார்க்க வேண்டிய நோயாளி அங்கே இல்லை.

லாரித் தம்பி குறுக்கே: மிஷினுக்கு ஏது பரிவு, ஐயா? எல்லாம் நடிப்பு.

ஆசிரியை: நடிப்போ என்னவோ, என் அம்மாவுக்குப் புரிஞ்சது. டாக்டர் சொன்னது புரியல.

கிராணி ஐயா: அதைத்தான் நானும் சொல்றேன்.

லாரித் தம்பி: புரிஞ்சதுன்னு யார் பார்த்தா, டீச்சர்?

தம்பி கேட்டானே, அதுதான் கேள்வி. பரிவு உண்மையா நடிப்பா என்று நாம் விடிய விடியப் பேசலாம், முடிவு வராது. நம் பெரியவர்களை எனக்குத் தெரியும். வெள்ளைக் கோட்டுப் போட்டவர் "புரிஞ்சுதா?" என்றால் "சரிங்க" என்பார்கள். அது மரியாதை. புரிந்ததற்கு அடையாளம் இல்லை. ஏஐயிடமும் அதே "ஓகே"தான் போடுவார்கள். அதனால் நான் "புரிஞ்சுதா" என்று கேட்பதே இல்லை. "வீட்டுக்குப் போனதும் மகள் கேட்டால் எப்படிச் சொல்வீங்க, பாட்டி?" என்று கேட்பேன். அப்போதுதான், முகத்துக்குப் போட வேண்டியதைக் காலுக்கும் காலுக்குப் போட வேண்டியதை முகத்துக்கும் சொல்வது தெரியும். ஏஐ எழுதிக் கொடுத்த தாளோடும் இப்படியே ஒரு முறை திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும். டீச்சர், அம்மாவிடம் இன்று இரவே கேட்டுப் பாருங்கள்.

டாக்டர் நிமிரவில்லை என்பதற்கும் ஒரு காரணம் உண்டு, ஐயா. அவர் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார். பேசுவதைக் கேட்டு ஏஐயே குறிப்பு எழுதும் வசதி வந்திருக்கிறது. அது சரியாக அமைந்தால் டாக்டரின் கண் நோயாளி பக்கம் திரும்பும். நான் ஏஐயிடம் மிகவும் எதிர்பார்ப்பது அதைத்தான். ஆனால் நம் பேச்சு "மருந்து ஹபிஸ் ஆயிடுச்சு, திரும்ப அப்பாயின்மெண்ட் போடணும்" என்று மூன்று மொழியில் ஓடுகிறது. அதில் தடுமாறும். டாக்டர் ஒவ்வொரு வரியும் படித்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். பதிவு செய்யப்போகிறோம் என்று நோயாளியிடம் முதலில் கேட்கவும் வேண்டும்.

இன்னொருவர்: வெள்ளையாக்கும் கிரீம் எது நல்லதுன்னு ஏஐ சொல்லுமா?

எதுவும் வேண்டாம். பாதரசமும் ஸ்டீராய்டும் கலந்த முகக் கிரீம்களை நம் சுகாதார அமைச்சு அடிக்கடி தடை செய்து பட்டியல் வெளியிடுகிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

ஒருவர்: (முதுகின் படம்) இதை மட்டும் பார்த்துச் சொல்லுங்க சிஸ்டர்.

பார்க்க மாட்டேன். இது இரண்டாவது படம். எல்லாருக்கும் சேர்த்து ஒன்று சொல்கிறேன். வெளுத்த தேமல் போன்ற இடத்தில் தொட்டால் உணர்ச்சியே இல்லை என்றால் தாமதிக்காமல் போங்கள். தொழுநோயாக இருந்தாலும் மருந்து உண்டு, குணமாகும்.

கடைசியாக ஒரு தாத்தாவின் மகள்: அப்பாவுக்கு ஒரு பக்கம் இடுப்பில் அக்கி வந்திருக்கு. நேத்து ராத்திரிதான் கொப்புளம் தெரிஞ்சது. பக்கத்து வீட்டில் காவி எழுதச் சொல்றாங்க. ஏஐ டாக்டரைப் பாருங்கன்னு சொல்லுது.

இந்த முறை ஏஐ சொல்வதைக் கேளுங்கள். கொப்புளம் வந்து 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்கினால்தான் முழுப் பயன். கொப்புளம் ஆறிய பிறகும் நரம்பு வலி மாதக்கணக்கில் நிற்கலாம், வயதானவர்களுக்கு இன்னும் அதிகம். காவி வேண்டாம். நெற்றியிலோ கண் பக்கமோ வந்திருந்தால் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். இடுப்பில் மட்டும் என்றால் நாளை காலை முதல் ஆளாகப் போங்கள். என்றைக்கு, எத்தனை மணிக்குக் கொப்புளம் தெரிந்தது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள், அக்கா. டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.