வெயில் காலத்துக்கு எந்த ஒயின்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (பாரிஸ்): ஜூலையில் வீட்டுக்கு நண்பர்கள் வருகிறார்கள். பாட்டிலுக்கு 10 யூரோவுக்கு மேல் செலவழிக்க முடியாது. கடையில் நூறு பெயர்கள் இருக்கின்றன. எதைப் பார்த்து எடுப்பது?

பதில்: முதலில் லேபிளில் ஆல்கஹால் அளவைத் தேடுங்கள். வெயிலில் நாக்கு கேட்பது புளிப்பையும் குளிர்ச்சியையும்தான். 14 சதவீத ஒயின் என்றால் இரண்டாவது கிளாஸிலேயே தொண்டை சூடேறும், தலை கனக்கும். 12 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் நல்லது. அடுத்தது அறுவடை ஆண்டு. வெயில் காலத்துக்கு ஏற்ற வெள்ளை ஒயின்களில் இளையதே சிறந்தது. பாதி விலைக்குத் தள்ளிவிடும் கூடையில் மூன்று வருடப் பழைய பாட்டில் கிடந்தால் தொடாதீர்கள். அதன் உயிரே புதுமைதான், அது போயிருக்கும்.

10 யூரோவுக்குள் நல்லது கிடைக்குமா என்ற சந்தேகம் வேண்டாம். ஒரு புதிய பிரெஞ்சு ஓக் பீப்பாயின் விலை பல நூறு யூரோ. வெயில் கால வெள்ளை ஒயின்களுக்குப் பீப்பாயும் வேண்டாம், நிலவறையில் வருடக்கணக்கில் ஊறவும் வேண்டாம். எஃகுத் தொட்டியில் நொதித்து, பெரும்பாலும் அடுத்த வசந்தத்திலேயே பாட்டிலுக்கு வந்துவிடும். விலை குறைவதற்குக் காரணம் இதுதான், தரக்குறைவு அல்ல.

பிரான்சிலேயே மூன்று பெயர்களை நினைவில் வையுங்கள். ஒன்று, லுவார் ஆறு கடலில் சேரும் இடத்துக்கு அருகிலுள்ள நாந்த் நகரைச் சுற்றி விளையும் மஸ்கடே. 1709-இன் கடும் பனியில் அங்கிருந்த கொடிகள் அழிந்தபின், குளிர் தாங்கும் மெலோன் த பூர்கோஞ் திராட்சை அங்கே பரவியது. லேபிளில் ‘சுர் லீ’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். குளிர்காலம் முழுவதும் ஈஸ்ட் வண்டலின் மேலேயே கிடந்து, அங்கிருந்து நேராகப் பாட்டிலுக்கு வந்த ஒயின் என்று பொருள். அதனால் கொஞ்சம் சதைப்பிடிப்பும், நாக்கில் மெல்லிய சுறுசுறுப்பும் வரும். அந்தச் சொல் இல்லாத மலிவு மஸ்கடே பல நேரம் தண்ணீராக இருக்கும்.

இரண்டாவது, தெற்கே தோ என்ற கடற்கழி ஓரத்தில், சிப்பி வளர்க்கும் ஊர்களுக்குப் பக்கத்தில் விளையும் பிக்புல் த பினே. உயரமான, ஒடுங்கிய பச்சை பாட்டிலில் வரும். இடம் சூடானது என்றாலும் இந்தத் திராட்சை புளிப்பை விட்டுக்கொடுக்காது. பொரித்த கணவாய்க்கு இதைவிடப் பொருத்தமான மலிவு ஒயின் இல்லை என்பது எங்கள் கருத்து.

மூன்றாவது, கோத் த காஸ்கோஞ். கொலம்பார், உக்னி பிளான் திராட்சைகள். அர்மஞ்ஞாக் பிராந்தி காய்ச்சுவதற்கென்று நட்ட உக்னி பிளான்தான் இங்கே ஒயினாகிறது. பம்பளிமாஸ் வாசம், 11 அல்லது 11.5 சதவீதம், விலை 5 முதல் 7 யூரோ. ஒரு எச்சரிக்கை: அதே தயாரிப்பாளர், அதே மாதிரி லேபிளில் ‘முவால்யூ’ என்று ஒன்றும் விற்பார். அது குரோ மான்சாங் திராட்சையில் செய்த இனிப்பு ஒயின். அவசரத்தில் மாற்றி எடுத்துவிடுபவர்கள் நிறையப் பேர்.

லுவார் பகுதியின் பேர்போன வெள்ளை ஒயினான சான்செர் வாங்க ஆசை, விலை இடிக்கிறது என்றால் தூரேன் பகுதியின் சோவினியோனை எடுங்கள். அதே சோவினியோன் பிளான் திராட்சை, பல நேரம் பாதி விலைக்கும் கீழே.

கேள்வி (லண்டன்): பிரான்சில் 5 யூரோவுக்குக் கிடைப்பது இங்கே ஏன் இவ்வளவு விலை? 6 பவுண்டு பாட்டில் வாங்குவது லாபமா?

பதில்: லாபமில்லை. பிரிட்டனில் ஒயின் வரி, விலையைப் பொறுத்தது அல்ல, ஆல்கஹாலைப் பொறுத்தது. 11 சதவீத ஒயினை 6 பவுண்டுக்கு வாங்கினால் அதில் பாதிக்கு மேல் ஆல்கஹால் வரிக்கும் மதிப்புக் கூட்டு வரிக்கும் போய்விடும். மீதியில் கண்ணாடி, கப்பல், கடை லாபம் எல்லாம் கழிந்தபின் ஒயினுக்கென்று மிஞ்சுவது சில்லறைதான். 8 அல்லது 9 பவுண்டுக்கு ஏறினால் ஆல்கஹால் வரி அப்படியே நிற்கும், கூடுதல் பணத்தில் நல்ல பங்கு ஒயினுக்குப் போகும். ஆகவே மூன்று மலிவு பாட்டிலுக்குப் பதில் இரண்டு நல்ல பாட்டில் வாங்குங்கள்.

2025 பிப்ரவரியிலிருந்து ஆல்கஹாலின் ஒவ்வொரு 0.1 சதவீதத்துக்கும் வரி மாறுகிறது. 11 சதவீத பாட்டிலுக்கு வரி, 14.5 சதவீத பாட்டிலைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. வெயில் காலத்து இலேசான ஒயின் உடம்புக்கும் பணப்பைக்கும் சேர்ந்தே ஒத்துவருகிறது. போர்ச்சுகலின் வடமேற்கிலிருந்து வரும் வின்யோ வெர்டே இங்கே முதல் தேர்வு. பெயருக்குப் ‘பச்சை ஒயின்’ என்று அர்த்தம் என்றாலும் நிறம் பச்சை அல்ல, இளமையைக் குறிக்கும் சொல் அது. பொதுவான பாட்டில்கள் 9 முதல் 11.5 சதவீதம், மெல்லிய குமிழியோடு வரும். மலிவானவற்றில் அந்தக் குமிழி பாட்டிலில் அடைக்கும்போது ஏற்றிய வாயு, கூடவே கொஞ்சம் சர்க்கரையும் இருக்கும். ஒரு படி மேலே வேண்டுமானால் லேபிளில் லோரேய்ரோ என்ற திராட்சைப் பெயரைத் தேடுங்கள். பூ வாசம், எலுமிச்சைப் புளிப்பு, விலை அதிகம் ஏறாது.

கேள்வி (ஹாம், ஜெர்மனி): எங்கள் வீட்டு நண்டுக் கறி நல்ல உறைப்பு. எந்த ஒயின் குடித்தாலும் வாய் எரிகிறது. என்ன செய்யலாம்?

பதில்: மிளகாயின் எரிவை ஆல்கஹால் கூட்டும், சிவப்பு ஒயினின் துவர்ப்பும் கூட்டும். 14 சதவீத சிவப்பு ஒயினோடு உறைப்புக் கறி சாப்பிட்டால் இரண்டுமே கெட்டுவிடும். எரிவைத் தணிப்பது கொஞ்சம் இனிப்பு. புளி கரைத்த குழம்புக்கு ஈடுகொடுப்பது ஒயினின் புளிப்பு. குறைந்த ஆல்கஹால், இனிப்பு, கூர்மையான புளிப்பு மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது உங்கள் நாட்டிலேயே, மோசல் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் திராட்சையில் செய்யும் ‘கபினெட்’ ஒயினில்.

இதில் ஒரு சிக்கல். கபினெட் என்ற சொல் இனிப்பைச் சொல்வதில்லை, பறிக்கும்போது திராட்சை எவ்வளவு பழுத்திருந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. ‘ட்ரோக்கன்’ என்று சேர்த்து எழுதியிருந்தால் இனிப்பே இல்லாதது. ‘ஃபைன்ஹெர்ப்’ என்றால் இலேசான இனிப்பு. எதுவும் எழுதாவிட்டால் ஆல்கஹால் எண்ணே துப்பு: 8 அல்லது 9 சதவீதம் என்றால் சர்க்கரை முழுதும் நொதிக்காமல் மிஞ்சியிருக்கிறது, 12 என்றால் ஏறக்குறைய எல்லாம் நொதித்துவிட்டது. உங்கள் நண்டுக்கு 8-9 சதவீதத்தை எடுங்கள். தேங்காய்ப்பால் சேர்த்த மிதமான கறிக்கு ஃபைன்ஹெர்ப் போதும்.

இன்னும் துல்லியமாகத் தெரிய வேண்டுமா? 2024 அறுவடை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் ஒயின்கள் சத்து விவரம் தர வேண்டும். பின்பக்கத்தில் இருக்கும் கியூ.ஆர். குறியைக் கைபேசியால் படம் பிடித்தால் 100 மில்லிக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று வரும். பத்தால் பெருக்கினால் லிட்டர் கணக்கு. 4 கிராமுக்குக் கீழே என்றால் இனிப்பில்லாதது என்றே வைத்துக்கொள்ளலாம், 40 என்றால் நல்ல இனிப்பு. விற்பவர் வார்த்தையை நம்பத் தேவையில்லாத காலம் இது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி (மார்செய்): ரோசே என்ற இளஞ்சிவப்பு ஒயினின் நிறம் வெளிற வெளிற விலை கூடுகிறது. வெளிறியது உயர்ந்ததா? அடர் நிறம் இனிப்பா?

பதில்: இரண்டும் தவறு. திராட்சைத் தோல் சாறோடு எத்தனை மணி நேரம் இருந்தது, எந்தத் திராட்சை என்பதைத்தான் நிறம் காட்டும். ரோன் பகுதியின் தவேல் நல்ல அடர் நிறம், இனிப்பு துளியும் கிடையாது. நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது பெரும்பாலும் புரோவான்ஸ் என்ற பெயருக்கும் பாட்டில் வடிவத்துக்கும். லாங்தொக் பகுதியின் சான்சோ, கிரனாஷ் ரோசேக்களும், ஸ்பெயினின் நவார்ரா ரொசாதோவும், இத்தாலியின் கார்தா ஏரிக்கரை கியாரெத்தோவும் மலிவில் அதே வேலையைச் செய்யும். பொரித்த மீனோடு கொஞ்சம் நிறமான ரோசே இன்னும் நன்றாகவே இருக்கும்.

நிறமற்ற கண்ணாடி பாட்டிலில் ஒரு ஆபத்து உண்டு. வெளிச்சம் பட்டால் ஒயினில் உள்ள ரைபோஃபிளாவின் என்ற வைட்டமின் தூண்டப்பட்டு, கந்தக நெடி கிளம்பும். வேகவைத்த முட்டைக்கோஸ், நனைந்த கம்பளி மாதிரி நாறும். ஜன்னலோரம் அடுக்கியதை விட்டு, அட்டைப் பெட்டிக்குள் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (சூரிச்): அப்பா சிவப்பு ஒயின் மட்டும்தான் குடிப்பார். அதைக் குளிரவைக்கலாமா?

பதில்: துவர்ப்பு குறைந்ததை மட்டும். குளிர் துவர்ப்பைத் தூக்கிக் காட்டும். போர்தோ மாதிரியான கனத்த ஒயினைக் குளிரவைத்தால் வாய் கட்டும், கசக்கும். போஜொலே வில்லாஜ், பர்தொலினோ, சிசிலியின் ஃப்ரப்பாத்தோ, ஆஸ்திரியாவின் ட்ஸ்வைகெல்ட் இவை குளிருக்கு ஏற்றவை. 12 முதல் 14 டிகிரி. அறைச் சூட்டில் இருக்கும் பாட்டிலை ஃப்ரிட்ஜில் 40 நிமிடம் வையுங்கள், போதும்.

கேள்வி (பலெர்மோ): நுரைக்கும் ஒயினான புரோசெக்கோவில் ‘எக்ஸ்ட்ரா ட்ரை’ வாங்கினோம், இனிக்கிறது. ஏமாற்றுகிறார்களா?

பதில்: சட்டப்படியே அப்படித்தான். எக்ஸ்ட்ரா ட்ரை என்றால் லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் சர்க்கரை. ப்ரூட் 12-க்குக் கீழே. எக்ஸ்ட்ரா ப்ரூட் 6 வரை. ப்ரூட் நேச்சர் 3-க்குக் கீழே. இனிப்பு வேண்டாமென்றால் ப்ரூட் கேளுங்கள். பணத்துக்கு மதிப்பு என்று பார்த்தால் ஸ்பெயினின் காவா. ஷாம்பெயின் போலவே பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் நொதிப்பு, குறைந்தது 9 மாதம் வண்டலோடு. ரிசர்வா என்றால் 18 மாதம், விலை வித்தியாசம் சிறியது.

கேள்வி (ஒஸ்லோ): அவசரத்துக்கு ஃப்ரீசரில் வைத்தேன். தக்கை வெளியே தள்ளிவிட்டது. வேறு வழி?

பதில்: 12 சதவீத ஒயின் ஏறக்குறைய மைனஸ் 5-6 டிகிரியில் உறையத் தொடங்கும். ஃப்ரீசரோ மைனஸ் 18. நுரைக்கும் ஒயினாக இருந்தால் பாட்டிலே வெடித்திருக்கும். வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு. கழுத்து வரை பாட்டில் மூழ்க வேண்டும். அடிக்கடி திருப்பிவிடுங்கள். 15-20 நிமிடத்தில் 8-9 டிகிரிக்கு வந்துவிடும். வெறும் ஐஸ்கட்டி மட்டும் போட்டால் இடையில் காற்றுதான் இருக்கும், கண்ணாடியைத் தொடும் பரப்பு குறைவு, நேரம் இரட்டிப்பாகும். ஃப்ரிட்ஜில் என்றால் இரண்டரை மணி நேரம்.

பரிமாறும்போது கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள், மீதி வாளியில் இருக்கட்டும். அடியில் சர்க்கரை போல் படிகம் தெரிந்தால் பயப்பட வேண்டாம், குளிரில் பிரிந்த டார்டாரிக் அமில உப்பு அது. மிஞ்சியதை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். 3 லிட்டர் பெட்டி ஒயின் வாங்குவதானால் அடைத்த தேதியைப் பார்த்துப் புதியதை எடுங்கள். பெட்டிக்குள் ஒயினை அடைத்திருக்கும் பிளாஸ்டிக் பை மெல்ல மெல்லக் காற்றை உள்ளே விடும். திறந்தபின் ஃப்ரிட்ஜில் வைத்து, ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.